பண்டிகை நாளில் ஒரு நாடே ஒரே நிகழ்ச்சியைப் பார்ப்பது எப்படி?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளான டிசம்பர் 24, பிற்பகல் 3 மணி. சுவீடனில் தெருக்கள் ஓய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் எஸ்.வி.டி. தொலைக்காட்சியில் டொனால்ட் டக் வருகிறார். 1958ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னி அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகத் தயாரித்த நிகழ்ச்சி அது. பழைய கார்ட்டூன் படங்களிலிருந்து எடுத்த துண்டுகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் ஓடும். அடுத்து எந்தக் காட்சி வரும் என்பது பார்ப்பவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனாலும் சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் அந்த நாட்டில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் முன் உட்காருகிறார்கள். ஒருமுறை ஃபெர்டினாண்ட் என்ற காளையின் கதையை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டபோது எதிர்ப்பு கிளம்பியது; காளையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

கையிலிருக்கும் பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் கிடைக்கும் காலத்தில் இது எப்படி நீடிக்கிறது? நிகழ்ச்சியின் தரத்தில் விடையைத் தேடினால் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம். அது எப்போது வருகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, அப்போது வேறு யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்பவற்றில்தான் விடை இருக்கிறது.

தொடக்கம் பெரும்பாலும் தற்செயலானது. 1960களின் சுவீடனில் இருந்தது ஒரே ஒரு அலைவரிசை. இரண்டாவது 1969 டிசம்பரில்தான் வந்தது. விளம்பரங்கள் கிடையாது, அமெரிக்கக் கார்ட்டூன்களும் அபூர்வம். குழந்தைகள் ஆண்டு முழுவதும் காத்திருந்தது அந்த ஒரு மணி நேரத்துக்காக. அவர்கள் வளர்ந்து, தங்கள் குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள். அதற்குள் அலைவரிசைகள் பெருகிவிட்டன. பற்றாக்குறை போன பிறகும் அது உண்டாக்கிய பழக்கம் போகவில்லை.

ஜெர்மனியின் கதை இன்னும் விசித்திரமானது. 1963இல் ஹாம்பர்க் நகரில், ஃப்ரெடி ஃப்ரின்டன், மே வார்டன் என்ற இரு பிரிட்டிஷ் நடிகர்களை வைத்து என்.டி.ஆர். ஒளிபரப்பு நிறுவனம் 18 நிமிட நகைச்சுவை நாடகம் ஒன்றைப் பதிவுசெய்தது. 'டின்னர் ஃபார் ஒன்' என்பது அதன் பெயர். ஒரு சீமாட்டியின் 90ஆவது பிறந்தநாள் விருந்து. அவர் அழைக்கும் நான்கு நண்பர்களும் எப்போதோ இறந்துபோனவர்கள். அந்த நால்வருக்குமான மதுவைப் பணியாளரே குடித்து, தள்ளாடித் தள்ளாடிப் பரிமாறுகிறார். வசனம் முழுவதும் ஆங்கிலம். சில ஆண்டுகள் நிகழ்ச்சிகளுக்கு நடுவே இடைவெளியை நிரப்புவதற்கே அது பயன்பட்டது. 1972 முதல் டிசம்பர் 31இல் நிலைபெற்றது. அதன் பிறகே அது ஜெர்மானியர்களின் புத்தாண்டோடு ஒட்டிக்கொண்டது. 1968லேயே காலமான ஃப்ரின்டன் இதை அறியவே இல்லை. அவருடைய சொந்த நாடான பிரிட்டனில் முதன்முதலாக அது ஒளிபரப்பானது 2018ஆம் ஆண்டின் கடைசி நாளில். நாடகத்தின் சுவை மட்டுமே காரணம் என்றால் அதன் மொழியைப் பேசும் நாட்டில் அல்லவா அது முதலில் வேர்விட்டிருக்க வேண்டும்?

அமெரிக்காவில் இந்தத் தற்செயல் சட்டத்தின் வழியாக நுழைந்தது. 1946இல் வெளியான 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' திரையரங்குகளில் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. 1974இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறினார்கள். கட்டணமின்றிக் கிடைத்த படத்தை உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் மீண்டும் மீண்டும் போட்டன. மறந்துபோன படம் கிறிஸ்துமஸின் அடையாளமாகிவிட்டது.

நார்வேயில் டிசம்பர் 24 காலையில் பார்ப்பது செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து 1973இல் எடுத்த சின்டரெல்லா படம். கோடையில் எடுக்கத் திட்டமிட்டு, பிறகு படப்பிடிப்பைக் குளிர்காலத்துக்கு மாற்றியதால் படமெங்கும் பனி. நார்வே மொழியில் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பவர் க்னுட் ரிசான் என்ற ஒரே நடிகர். சின்டரெல்லாவும் இளவரசனும் மாற்றாந்தாயும் ஒரே ஆண் குரலில்தான் பேசுகிறார்கள். இன்றைய தொழில்நுட்பத்தில் பல குரல்களில் மாற்றியமைப்பது எளிது. ஆனால் அந்தக் குறையோடு பழகியவர்கள் அதுவே வேண்டும் என்கிறார்கள்.

பழகியதை மனம் விரும்பத் தொடங்குவதை 1968இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டினார். பொருளற்ற சொற்களிலும் அறிமுகமில்லாத முகங்களிலும் சிலவற்றைச் சில முறையும் சிலவற்றைப் பல முறையும் காட்டினார். அதிகம் பார்த்தவை அதிகம் பிடித்துப்போயின. பார்த்ததை மூளை உழைப்பின்றி அடையாளம் காண்கிறது. அந்த எளிமை இனிமையாகத் தோன்றுகிறது என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் இந்த விளைவுக்கு ஓர் எல்லை உண்டு. இடைவெளியின்றித் திரும்பத் திரும்பக் காட்டினால் விருப்பம் ஓரிடத்தில் நின்று, சலிப்பாக மாறிவிடும். பண்டிகை நிகழ்ச்சிகள் தப்பிப்பது இங்கேதான். ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கு சலிப்பு தலைதூக்காத அளவுக்கு நீண்டது. பழக்கம் மறந்துவிடாத அளவுக்குக் குறுகியது.

தெரிந்த கதையைப் பார்க்கும்போது கவனமும் விடுபடுகிறது. அடுத்து என்ன என்ற பதற்றம் இல்லை; பேச்சைத் தவறவிட்டாலும் நட்டமில்லை. அந்த மிச்சக் கவனம் அறையிலிருக்கும் மனிதர்கள் மீது போகிறது. போன ஆண்டு இதே காட்சியில் தாத்தா எப்படிச் சிரித்தார் என்பது நினைவுக்கு வருகிறது. கைக்குழந்தையாக இருந்தது இந்த ஆண்டு வசனத்தைத் திருப்பிச் சொல்கிறது. விரும்பி மறுபடி பார்ப்பவர்களையும் படிப்பவர்களையும் ஆராய்ந்து கிறிஸ்டல் ரசலும் சிட்னி லெவியும் 2012இல் எழுதிய ஆய்வும் இதைத்தான் காட்டியது. மாறாத படைப்பை அளவுகோலாக வைத்து, மாறியிருக்கும் தங்களை அளந்துகொள்கிறார்கள்.

சடங்கு என்ற அம்சமும் இதில் சேர்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சாக்லேட்டைக் குறிப்பிட்ட முறையில் பாதியாக உடைத்து, ஒரு பாதியை மட்டும் பிரித்துத் தின்றுவிட்டு மறுபாதிக்குப் போகும்படி சிலரிடம் சொன்னார்கள். இஷ்டப்படி தின்றவர்களைவிட அவர்களுக்கு அதே சாக்லேட் கூடுதலாகச் சுவைத்தது. முறையாகச் செய்யும்போது செயலில் ஈடுபாடு கூடுகிறது என்று அந்த ஆய்வு விளக்கியது. 3 மணிக்கு எல்லாரும் கூடத்தில் உட்கார வேண்டும் என்பதும் அத்தகைய முறைதான்.

இவை எல்லாம் ஒரு வீட்டுக்குள் நடப்பவை. நாடு முழுவதும் ஒரே நொடியில் பார்ப்பதன் வலிமை வேறு. இதை மெகாவாட்டிலேயே அளக்கலாம். பிரிட்டனில் பெரும் நிகழ்ச்சி முடிந்ததும் லட்சக்கணக்கானோர் எழுந்து தேநீருக்கு மின்கெண்டியைப் போடுவார்கள். ஒரு கெண்டி 2 முதல் 3 கிலோவாட் இழுக்கும். பத்து லட்சம் கெண்டிகள் ஒன்றாக இயங்கினால் 2,000 மெகாவாட்டைத் தாண்டும். 1990 உலகக்கோப்பை கால்பந்து அரையிறுதி முடிந்தபோது தேவை 2,800 மெகாவாட் அளவுக்கு எகிறியது. உற்பத்தி உடனே கூடாவிட்டால் மின்கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சரியும். அதனால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்திருப்பார்கள். வேல்ஸில் மலைக்குள் குடைந்து கட்டிய டினோர்விக் மின்நிலையம், மேல் ஏரியின் தண்ணீரைத் திறந்து, தயார்நிலையிலிருந்து சுமார் 12 நொடியில் 1,300 மெகாவாட்டைத் தரவல்லது. தனித்தனி வீடுகளில் இருப்பவர்கள் ஒரே கூட்டமாக நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

தாங்கள் பார்ப்பதை மற்றவர்களும் பார்க்கிறார்கள் என்பது பார்ப்பவர்களுக்கும் தெரியும். மறுநாள் யாரிடம் வேண்டுமானாலும் அதைப் பற்றிப் பேசலாம். எல்லாருக்கும் தெரியும் என்ற இந்த உணர்வை, பதிவுசெய்து தனியாகப் பார்க்கும் படத்தால் தர முடியாது.

திட்டமிட்டே உருவாக்கிய மரபுகளும் உண்டு. பிரிட்டிஷ் மன்னரின் கிறிஸ்துமஸ் உரை 1932இல் வானொலியிலும் 1957இல் தொலைக்காட்சியிலும் தொடங்கியது. உலகெங்கும் சிதறியிருந்த பேரரசின் பெரும்பாலான பகுதிகளைச் சிற்றலையில் எட்டுவதற்கு ஏற்ற நேரம் என்பதால்தான் பிற்பகல் 3 மணி தேர்வானது. சிற்றலையின் தேவை போய்விட்டது; நேரம் மாறவில்லை. சோவியத் நாட்டில் கிறிஸ்துமஸ் அரசு விழாவாக இல்லாததால் புத்தாண்டே குடும்பப் பண்டிகை. 1976 ஜனவரி 1 அன்று எல்தார் ரியாசனோவ் இயக்கிய 'விதியின் விளையாட்டு' படம் ஒளிபரப்பானது. புத்தாண்டு இரவில் நடக்கும் கதை அது. இன்றும் அந்த நாளின் படம் அதுவே.

ஆண்டுதோறும் புதிதாகத் தயாரிக்கும் நிகழ்ச்சிகளுக்கு இந்தப் பிடிப்பு குறைவு. ஜப்பானில் என்.எச்.கே. நிறுவனம் டிசம்பர் 31 இரவு நடத்தும் சிவப்பு அணி, வெள்ளை அணிப் பாட்டுப் போட்டியை 1963இல் 81.4 சதவீத வீடுகள் பார்த்தன. அண்மை ஆண்டுகளில் அது 40 சதவீதத்தையும் எட்டுவதில்லை. பாட்டிக்கும் பேரனுக்கும் தெரிந்த பாடல்கள் வேறாகிவிட்டதும் இதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறேன். பழைய படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது இருவருக்கும் ஒன்றே. நேரடி நிகழ்ச்சியை நடத்துபவர்களும் இதை அறிந்தே சிலவற்றை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். ஜப்பானிய நிகழ்ச்சியில் அணிப் பிரிவும் நிறைவுப் பாடலும் நிலையானவை. 1983இல் தொடங்கிய சீனாவின் வசந்த விழாக் கலைநிகழ்ச்சியில் பாடகர்களும் நடனங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும், 1984இல் அறிமுகமான விடைபெறும் பாடல்தான் வழக்கமாக நள்ளிரவுக்குப் பிறகு ஒலிக்கிறது.