ஒரு மில்லிமீட்டர் தண்ணீரும் ஜலதரங்கமும்

சேலம் மாவட்டம் கங்கவல்லி வட்டத்தில் இருக்கும் ஆனையம்பட்டி, கச்சேரி ரசிகர்களுக்கு ஜலதரங்கத்தால் தெரிந்த ஊர். தண்ணீர் ஊற்றிய பீங்கான் கிண்ணங்களைக் குச்சியால் தட்டி வாசிக்கும் வாத்தியம் அது. ஆனையம்பட்டி சுப்பையர், ஆனையம்பட்டி கணேசன் என்று ஊர்ப்பெயரோடு சேர்த்தே வித்வான்களை அழைத்தார்கள். இன்று இந்த வாத்தியத்தை வாசிப்பவர்கள் மிகக் குறைவு. நல்ல ஒலிப்பதிவுகளும் குறைவு. பதிவில் அடிக்கடி வரும் கோளாறுகள் இரண்டு: நடுவில் சுருதி விலகிவிடும், அல்லது நாதத்தைக் குச்சிச் சத்தம் விழுங்கிவிடும். இரண்டையும் தவிர்க்க முடியும். அதற்குக் கிண்ணம் எப்படி ஒலிக்கிறது என்று தெரிய வேண்டும்.

பீங்கான் கிண்ணத்தின் விளிம்பை மூங்கில் குச்சியால் தட்டியதும் வட்டமான வாய் நீள்வட்டமாக நெளிகிறது. ஒருமுறை நெடுக்காக, மறுமுறை குறுக்காக, நொடிக்குப் பல நூறு தடவை. விளிம்பில் நான்கு இடங்கள் நன்றாக ஆடும். அவற்றுக்கு இடையே உள்ள நான்கு இடங்கள் ஏறக்குறைய ஆடாது. சுவர் தடித்தால் சுருதி ஏறும், வாய் அகன்றால் இறங்கும். தண்ணீர் ஊற்றினால் சுவர் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத் தள்ள வேண்டும். பாரம் கூடி அதிர்வு மந்தமாகிறது, சுருதி இறங்குகிறது.

எவ்வளவு இறங்கும் என்பதில்தான் சூட்சுமம். கிண்ணத்தின் அடிப்பக்கச் சுவர் அதிகம் அசைவதில்லை. அங்கே நிற்கும் தண்ணீர் சும்மா இருக்கிறது. மேலே போகப் போக அசைவு கூடுவதால், தண்ணீரின் தாக்கம் ஏறக்குறைய நீர்மட்டத்தின் நான்காம் அடுக்காக வளர்கிறது: மட்டம் இரு மடங்கானால் தாக்கம் பதினாறு மடங்கு. 5 செ.மீ. ஆரம், 6 செ.மீ. உயரம், 4 மி.மீ. தடிமன் உள்ள கிண்ணத்துக்கு எளிமையாகக் கணக்குப் போடலாம். சுருதி வித்தியாசத்தை அளக்கும் அலகு சென்ட். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் சராசரி இடைவெளி 100 சென்ட். பாதி நிரப்பினால் சுருதி இறங்குவது 70 சென்ட்டுக்கும் குறைவு. முக்கால் நிரப்பினால் சுமார் 300. மீதி இருக்கும் கால் பங்கை நிரப்பினால் இன்னொரு 400-க்கு மேல் இறங்கிவிடும்.

அப்படியானால் முக்கால் மட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் 20 சென்ட் போய்விடும். அரை மட்டத்தில் அதே மில்லிமீட்டருக்கு 9 சென்ட்தான். வேண்டிய ஸ்வரம் பாதி மட்டத்திலோ அதற்குக் கீழோ வரும்படி கிண்ணத்தைத் தேடிப் பிடிப்பதே பாதி வேலை. கிடைத்த கிண்ணத்தில் தண்ணீரை நிரப்பிச் சுருதியை இறக்குவது சுலபம். பதிவில் அதுதான் காலை வாரும். இந்தக் கிண்ணத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது 8 மில்லி தண்ணீர். ஸ்பூனை நம்பாமல், ஊசி கழற்றிய 5 மில்லி சிரிஞ்சால் ஏற்றி இறக்குங்கள்.

சேலத்து வெயிலில் திறந்த கிண்ணம் வற்றிக்கொண்டே இருக்கும், சுருதி மெல்ல ஏறும். மின்விசிறி வற்றலை வேகப்படுத்தும், நீர்ப்பரப்பை நடுங்கவைக்கும், தன் இரைச்சலையும் சேர்க்கும். அதை அணைத்துவிட்டு, ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிண்ணங்களைத் தட்டு போட்டு மூடிவைக்க வேண்டும். தண்ணீரை முந்தின இரவே பிடித்து வைப்பது நல்லது. குழாயிலிருந்து அப்போதே பிடித்த நீரில் நுண்குமிழிகள் சுவரில் ஒட்டி அதிர்வைத் தின்னும். கிண்ணம் ‘டிங்’ என்னாமல் ‘டொக்’ என்னும்.

சில கிண்ணங்களின் நாதம் தானாக அலையும். சுவர் ஒரு பக்கம் கொஞ்சம் தடித்திருந்தால் நெளிவு இரண்டு விதமாகப் பிரிகிறது. ஒன்று 500 ஹெர்ட்ஸ், மற்றது 502 என்றால் நொடிக்கு இரண்டு தடவை ஒலி எழுந்து அடங்கும். கிண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தட்டிப் பாருங்கள். அலைதல் நிற்கும் இடத்தில் ஒரு நெளிவு மட்டுமே எழுகிறது. அங்கே ஒரு புள்ளி வைத்து, அது வாசிப்பவரைப் பார்க்கும்படி கிண்ணத்தை வையுங்கள். கைப்பிடி உள்ள கோப்பை இதனால்தான் உதவாது.

கிண்ணத்தின் ஒலி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவாது. நான்கு திசையில் ஓங்கி, இடையில் மங்கும். மைக்கை நெருக்கி வைத்தால் ஒரு ஸ்வரம் அதிர்ந்தும் பக்கத்து ஸ்வரம் பதுங்கியும் பதிவாகும், குச்சியின் ‘டக்’ ஓசையும் மேலோங்கும். கிண்ண வரிசையிலிருந்து 80 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை தள்ளி, சற்றே உயரத்தில் இரண்டு கண்டென்சர் மைக்குகள் போதும். தட்டிய கணத்தின் உச்சம் மிகக் கூர்மையானது. பதிவுக் கருவியின் ஒலி அளவு மீட்டரில் -12 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் பதிவு செய்தால் ஒலி உடையாது. கிண்ணங்களுக்கு அடியில் மெல்லிய ரப்பர் வளையம் வேண்டும். ஒன்றோடொன்று உரசினால் வரும் கிறுகிறுப்பைப் பிறகு நீக்கவே முடியாது.

போக்குவரத்துச் சத்தத்துக்குப் பயந்து ஏற்காட்டுக்குப் போனால் வேறு கணக்கு. மாலையானால் சில்வண்டுகள் பிடித்துக்கொள்ளும், காலை வேளையே நல்லது. பனிமூட்டத்தின் ஈரம் கண்டென்சர் மைக்கில் படிந்தால் பொரியும் சத்தம் வரும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வைத்து, அறையின் குளிருக்குப் பழகிய பிறகு திறக்க வேண்டும். கூடப் புல்லாங்குழல் இருந்தால் இன்னொன்றும் உண்டு. 35 டிகிரி சேலத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 352 மீட்டர், 18 டிகிரி ஏற்காட்டில் 342. குழலுக்குள் காற்றும் அதே அளவு குளிர்ந்தால் சுருதி 50 சென்ட் இறங்க வேண்டும். ஊதுபவரின் மூச்சு சூடேற்றுவதால் அவ்வளவு இறங்காது, ஆனாலும் காதுக்குத் தெரியும். பீங்கானை இந்தக் குளிர் அசைக்காது. எனவே குழலை நன்றாக ஊதிச் சூடாக்கிவிட்டு, அதற்குத் தக்கபடி கிண்ணங்களில் தண்ணீர் கூட்டுவதே முறை. விளிம்பு வரை நிரம்பிய கிண்ணத்தில் அதற்கு இடமிருக்காது.

என்ன வாசிப்பது? தண்ணீரைக் குச்சியால் தொட்டுச் சிறு கமகங்கள், அதாவது ஸ்வரத்தின் அசைவுகள், கொண்டுவரலாம். தோடி ராகத்தின் ஆழ்ந்த அசைவு இதில் வராது. அசைவில்லாத நேர் ஸ்வரங்களே இதன் பலம். முத்துஸ்வாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளில் அமைத்த சுமார் 40 நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றன. சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள், கமகம் கிடையாது. இந்த வாத்தியத்துக்கென்றே செய்தது போல உட்காரும். அடுத்தது 72 மேளங்கள் எனும் தாய் ராகங்கள் அனைத்திலும் தமிழில் கிருதி செய்த கோடீஸ்வரய்யர். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் மிக நெருங்கி நிற்கும் விவாதி மேளங்களில் அவர் செய்த கிருதிகள் கச்சேரி மேடையில் அதிகம் கேட்காதவை.

விவாதி மேளங்களில் ஒன்றான சலநாட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்ஜம் 400 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்சுருதி ரிஷபம் 480, அந்தர காந்தாரம் 500. இடைவெளி 70 சென்ட். ரிஷபக் கிண்ணம் முக்கால் நிறைந்திருந்து ஒரு மில்லிமீட்டர் வற்றினால் அது 50 ஆகச் சுருங்கும், ரிஷபம் காந்தாரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆக ரிஷபத்துக்கும், அதேபோல் நிஷாதத்தை நெருங்கி நிற்கும் தைவதத்துக்கும் அரை மட்டக் கிண்ணங்கள் கட்டாயம். சங்கராபரணத்துக்கும் சலநாட்டைக்கும் வேறுபாடு இந்த இரண்டு ஸ்வரங்களில் மட்டுமே. நோட்டுஸ்வரங்களை முதலில் பதிந்துவிட்டு, ஒவ்வொரு ஸ்தாயியிலும் ரி, த கிண்ணங்களை மட்டும் மாற்றிச் சுருதி பார்த்தால், அதே அமர்வில் சலநாட்டைக் கிருதியையும் பதியலாம்.