பிரைவேட் பிரஸ்: தமிழில் என்ன சொல்வது?

பழைய இசைத்தட்டு விற்பவர்களின் விலைப்பட்டியலைப் புரட்டினால் இந்த மாதிரி ஒரு வரி கண்ணில் படும்: ‘எக்ஸ்-இயன் ஃபோக், பிரைவேட் பிரஸ், 70-கள், உறை சுமார், தட்டு நன்று.’ பக்கத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். கிதாரும் கையுமாக நாலு பேர் தேவாலயத்து வாசலில் நிற்கிற மங்கலான கறுப்பு வெள்ளைப் படம்தான் உறை. அதற்கா இவ்வளவு?

முதலில் ‘எக்ஸ்’ஸை முடித்துவிடலாம். கிறிஸ்து என்பதன் கிரேக்க வடிவத்தில் முதல் எழுத்து ‘கை’. பார்க்க ஆங்கில எக்ஸ் போலவே இருக்கும். ஏடு எழுதியவர்கள் அந்த ஓர் எழுத்தையே முழுப் பெயருக்குப் பதிலாகப் போட்டுவந்தார்கள். எக்ஸ்மஸ் வந்த வழியும் அதுதான். ‘எக்ஸ்-இயன்’ என்றால் கிறிஸ்தவ என்று பொருள், அவ்வளவே. ‘ஃபோக்’ என்பது நாட்டுப்புறப் பாணிப் பாட்டு. அவமரியாதையாக எழுதியது என்று சிலர் கோபப்படுவதுண்டு. எழுத்து கிரேக்கம் என்று தெரிந்தால் அந்தக் கோபம் அடங்கிவிடும்.

வம்பு ‘பிரைவேட் பிரஸ்’ஸில்தான்.

பொருளைச் சுருக்கமாகச் சொன்னால் இது: இசை நிறுவனம் எதுவும் முதல் போடாமல், பாடியவர்களோ அவர்களுடைய சபையோ பள்ளியோ கைக்காசைப் போட்டு, ஏதோ ஓர் ஆலையில் சில நூறு பிரதிகள் அடித்து வாங்கிக்கொண்ட இசைத்தட்டு. கடைக்குப் போகாது, வானொலிக்கும் பெரும்பாலும் போகாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு மேசை போட்டு விற்பார்கள். மீந்தது யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும்.

நம் ஊரில் ‘பிரஸ்’ என்றால் அச்சகம். பைக்கில் ஒட்டிக்கொண்டால் பத்திரிகைக்காரர். சட்டையைக் கொடுத்தால் இஸ்திரி. ‘பிரைவேட்’ என்றால் தனியார் பேருந்து, தனியார் பள்ளி. இரண்டையும் சேர்த்துத் ‘தனியார் அச்சகம்’ என்று மொழிபெயர்த்தால் தெருமுனையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைதான் மனதில் வரும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கேப்பிட்டல், ஆர்.சி.ஏ., பிலிப்ஸ் என்று பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் எல்லாமே தனியார் நிறுவனங்கள்தான். அவர்கள் வேண்டாம் என்று விட்ட தட்டுக்குப் போய்த் ‘தனியார்’ என்று பெயர் வைத்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் ஒருமுறை குட்டிக்கரணம் அடித்ததுதான். பிரைவேட் என்பதற்கு வேரான லத்தீன் சொல்லுக்குப் பொதுவிலிருந்து பிரித்தது, ஒருவருக்கே உரியது என்று பொருள். பிரஸ்ஸுக்கு வேர் அழுத்துவது. இரண்டும் ஜோடி சேர்ந்தது இசையில் அல்ல, புத்தகத்தில். 1757-ல் ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் லண்டனுக்கு அருகே ஸ்ட்ராபெர்ரி ஹில்லில் தன் வீட்டிலேயே ஓர் அச்சகம் வைத்தார். 1891-ல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் லண்டனின் ஹாமர்ஸ்மித்தில் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். சொந்த எழுத்துரு, கையால் செய்த தாள், கையால் இழுக்கும் இயந்திரம் என்று ஒவ்வொரு புத்தகமும் நகை செய்வது போல. அவர் வழியில் வந்த டவ்ஸ் அச்சகம் பைபிளை ஐந்து தொகுதிகளாக அடித்தது. அதன் உரிமையாளர்களில் ஒருவரான காப்டன்-சாண்டர்சன், பங்காளியோடு மூண்ட தகராறில், தன் ஈய எழுத்துகள் வேறு யார் கைக்கும் போகக்கூடாது என்று 1916-17-ல் இரவு இரவாக ஹாமர்ஸ்மித் பாலத்திலிருந்து தேம்ஸில் கொட்டித் தீர்த்தார். அவற்றில் சிலவற்றை நூறு வருடம் கழித்து ஆற்றிலிருந்து எடுத்தார்கள். அது தனிக் கதை.

கவனிக்க வேண்டியது, அந்தப் புத்தகக்காரர்களிடம் இயந்திரம் இருந்தது. கடையில் வாங்க முடியாத தரத்தில் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம், அதற்கேற்ற வசதி, இரண்டும் இருந்தன. இசைத்தட்டுக்காரர்களிடம் இயந்திரம் கிடையாது, வசதியும் கிடையாது. தட்டு அடிப்பது வீட்டுக் கொல்லையில் செய்கிற வேலை அல்ல. அலுமினியத் தகட்டில் பூசிய அரக்குப் போன்ற பூச்சில் முதலில் ஊசி ஓடும் சுழல் வரியை வெட்ட வேண்டும். அதன்மேல் வெள்ளி பூசி, நிக்கல் முலாம் ஏற்றி, உரித்து அச்சு எடுக்க வேண்டும். பக்கத்துக்கு ஓர் அச்சு. இரண்டுக்கும் நடுவே சூடான பி.வி.சி. உருண்டையை வைத்து நீராவிச் சூட்டில் அழுத்தினால், பூரிக் கட்டையில் வைத்த மாவு மாதிரி ஒரே அமுக்கில் பரந்து தட்டாகிவிடும். ஓரத்தில் பிதுங்கும் பிசிறை நறுக்கி எடுப்பார்கள். அந்த உருண்டைக்கு ஆலையில் வழங்கும் பெயர் ‘பிஸ்கட்’.

அமெரிக்காவில் இதைக் கூலிக்குச் செய்து தருவதற்கென்றே கம்பெனிகள் இருந்தன. கலிஃபோர்னியாவின் சாகஸ் ஊரில் செஞ்சுரி. அதன் முகவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக் கச்சேரியையும் சபைப் பாடகர் குழுவையும் நாடாவில் பதிந்து ஆலைக்கு அனுப்புவார்கள். சின்சினாட்டியில் ரைட் ரெக்கார்ட்ஸ். உறைக்குத் தனியாக ஓவியம் போடக் காசு இல்லையா? ஆலையிலேயே தயாராக உறைகள் அடுக்கியிருக்கும்: மலையும் சூரிய அஸ்தமனமும், அலையடிக்கும் கடல், இலையுதிர்கால மரம். ஒன்றைக் கை காட்டினால் போதும், குழுவின் பெயரை மட்டும் மேலே அடித்துத் தருவார்கள். ஒரே அஸ்தமனம் சம்பந்தமே இல்லாத பல குழுக்களின் உறையில் வருவது இதனால்தான். இப்படி ஒரு தட்டு கையில் கிடைத்தால் உறையை விட்டுவிட்டு, தட்டின் நடுவே லேபிளைச் சுற்றிப் பாட்டு முடிந்தபின் வரும் வெற்று வளையத்தை விளக்கில் சாய்த்துப் பாருங்கள். ஊசியால் கையெழுத்தில் கீறிய எண் தெரியும். எந்த ஆலை, எத்தனையாவது வேலை என்பதை அதை வைத்துத்தான் சேகரிப்பவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். பல தட்டுகளில் ஆண்டுகூடப் போட்டிருக்காது; அந்தக் கீறல் எண்தான் ஜாதகம்.

இங்கிலாந்தில் இதற்கு வரிக் கணக்கும் ஒன்று சேர்ந்துகொண்டது. நூறுக்குக் குறைவாக அடித்தால் கொள்முதல் வரி கிடையாது. அதனால் 99 பிரதிகள் என்பது அங்கே ஒரு வழக்கமாகவே ஆயிற்று. 1973-ல் அந்த வரி போய் மதிப்புக்கூட்டு வரி வந்தது. இன்று ‘வெறும் 99-தான் அடித்தார்கள்’ என்று விலையை ஏற்றுகிறார்களே, அந்த அபூர்வத்துக்குப் பின்னால் இருப்பது வரியை மிச்சம் பிடித்த புத்தி.

சரி, எல்லா வகை இசையிலும் இப்படி அடித்தார்களே, கிறிஸ்தவத் தட்டுகள் மட்டும் ஏன் இவ்வளவு? கத்தோலிக்கர் பக்கம், உலகெங்கிலுமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒரு காரணம். 1963 டிசம்பரில் வந்த அதன் வழிபாட்டு ஆவணம், லத்தீனில் நடந்துவந்த திருப்பலியில் மக்கள் மொழிக்கும் இடம் கொடுத்தது. சில வருடங்களிலேயே ஆர்கன் இருந்த இடத்தில் கிதார் வந்து உட்கார்ந்தது. பள்ளிகளும் குருமடங்களும் ஆளுக்கொரு நாட்டுப்புறப் பாணித் திருப்பலி பாடத் தொடங்கின. புராட்டஸ்டண்ட் பக்கம், 60-களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் ஹிப்பிகள் கூட்டம் கூட்டமாக மனம் திரும்பினார்கள். தலைமுடி குறையவில்லை, ஒலிபெருக்கியின் சத்தமும் குறையவில்லை, பாட்டின் வரிகள் மட்டும் மாறின. ராக் கம்பெனிகளுக்கு இயேசு வேண்டாம். நற்செய்திப் பாட்டுக் கம்பெனிகளுக்கு டிரம்ஸ் வேண்டாம். நடுவில் நின்றவர்களுக்குக் கைக்காசுதான் வழி. கிறிஸ்தவ ராக் பாடகர் லாரி நார்மனின் 1969 தட்டைக் கேப்பிட்டல் வெளியிட்டது. அடுத்த தட்டை அவர் ஒன் வே என்ற தன் சொந்தப் பெயரில்தான் கொண்டுவந்தார். எல்லாவற்றையும்விட முக்கியம், கேட்க ஆள் தயாராக இருந்தது. பார்களில் வாசிக்கும் ராக் குழு 500 தட்டு அடித்தால் யாரிடம் விற்கும்? சபைக்குப் பாடும் குழுவுக்கு அந்தக் கவலை இல்லை, அத்தைகளே ஆளுக்கு இரண்டு வாங்கிவிடுவார்கள்.

இந்தச் சொல்லின் எல்லை எங்கே என்று காட்ட ஒரு கன்னியர் மடத்துக் கதை இருக்கிறது. பெல்ஜியத்தில் வாட்டர்லூ அருகே ஃபிஷர்மோன் தொமினிக்கன் மடத்தில் ஒரு சகோதரி கிதார் வாசித்துப் பாடுவார். தியானத்துக்கு வந்துபோகிறவர்களுக்குக் கொடுக்கச் சில பிரதிகள் போதும் என்றுதான் மடம் பிரஸ்ஸல்ஸில் பிலிப்ஸ் கம்பெனியை அணுகியது. முழுக்க முழுக்கப் பிரைவேட் பிரஸ் எண்ணம். பதிவைக் கேட்ட கம்பெனிக்காரர்களோ தாங்களே வெளியிட்டுவிட்டார்கள். ‘புன்னகைச் சகோதரி’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரில் வந்த அவருடைய ‘தொமினிக்’ பாட்டு, 1963 டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. இன்று அந்தத் தட்டு பழைய கடைகளில் சல்லிசாகக் கிடைக்கிறது. மடம் நினைத்தபடி சில நூறோடு நின்றிருந்தால் இன்றைக்கு அதன் விலையே வேறு.

நினைத்தபடியே நின்ற தட்டு எடின்பரோவில் இருக்கிறது. கேட்மன் என்ற மாணவர் குழு 1978-ல், பிரியப்போகும் நேரத்தில், ஒரே ஒரு தட்டு பதிந்தது. 500 பிரதிகள். மாண்டலினும் செல்லோவும் ஒரு பெண் குரலும், இடையிடையே கரடுமுரடாக நுழையும் மின்கிதாரும். முதல் பாட்டு பைபிளில் வரும் பத்துக் கன்னியர் உவமை. தட்டைவிடப் பெயர் எனக்குப் பிடிக்கும். ஏழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் விட்பி மடத்தில் மாடு மேய்த்தவர் கேட்மன். விருந்தில் யாழ் கைமாறி வரும்போது, பாடத் தெரியாத வெட்கத்தில் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவாராம். ஒருநாள் அங்கே கனவில் ஒருவர் வந்து, பாடு என்றார். படைப்பைப் பற்றிப் பாடினார். பீட் என்ற துறவி எழுதிவைத்த கதை இது. விருந்துக் கூடத்துக்கு வெளியே, கேட்க ஆளில்லாத இடத்தில் பிறந்த பாட்டு. கடைக்கே போகாத தட்டுக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது.

லண்டன் குழுவான ஆஃப்டர் தி ஃபயரும் அதே 1978-ல் ரேப்பிட் என்ற சொந்த லேபிளில், அதாவது சொந்த வெளியீட்டுப் பெயரில், முதல் தட்டைக் கொண்டுவந்தது. குழுவின் பெயர் பைபிளில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது: ‘அக்கினிக்குப்பின் அமர்ந்த மெல்லிய சத்தம் உண்டாயிற்று.’ பிறகு பெரிய கம்பெனிக்குப் போய், 1983-ல் அமெரிக்காவில் முதல் ஐந்துக்குள் வரும் அளவுக்கு ஒரு பாட்டு ஓடியது. ஆனால் சேகரிப்பவர்கள் தேடுவது சத்தம் மெல்லியதாக இருந்த அந்த முதல் தட்டைத்தான்.

இப்போது தமிழுக்கு வருவோம். இசைத்தட்டு என்ற சொல் வானொலிக் காலத்திலிருந்தே நமக்குப் பழகியது. அதை மாற்றத் தேவையில்லை. பிரஸ்ஸிங் என்பதற்கு ‘அச்சு’ ஆங்கிலத்தைவிடவே நன்றாகப் பொருந்தும். ஏனென்றால் நமக்கு அச்சு என்பது தாளில் அடிப்பது மட்டும் அல்ல. அச்சுவெல்லம் இருக்கிறது, முறுக்கு அச்சு இருக்கிறது, பிள்ளை அச்சு அசல் அப்பாவாகவே பிறக்கிறது. உருக்கியதை வார்த்து அழுத்தி எடுப்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே உண்டு. முதல் அச்சு, மறு அச்சு என்று தாராளமாகச் சொல்லலாம்.

‘பிரைவேட்’டுக்கு என்ன? இங்கே நமக்குக் கை கொடுப்பது தேர்வுத்துறை. பள்ளி வழியாக இல்லாமல் பரீட்சை எழுதுகிறவரை, ‘பிரைவேட்டா எழுதுறான்’ என்று வீட்டில் சொல்வோம். ஹால் டிக்கெட்டில் அவர் ‘தனித்தேர்வர்’. கேள்வித்தாள் அதேதான், திருத்துகிறவரும் அதே ஆள்தான், நடுவில் பள்ளி மட்டும் இல்லை. நம் தட்டும் அப்படித்தானே? பி.வி.சி. அதே, ஆலை அதே, நடுவில் கம்பெனி இல்லை. ஆக, ‘தனியார்’ அல்ல, ‘தனி’.

தனித்தட்டு என்று சொல்லிப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டுதான் ஞாபகம் வந்தது. தனியச்சு மோசமில்லை. ஆனால் அது மாரிஸ் போன்றவர்களின் புத்தகங்களுக்குத்தான் உரியது; அங்கேதான் உண்மையில் அச்சு இயந்திரமே தனி. சொந்த வெளியீடு என்பது ஒன் வே, ரேப்பிட் போலத் தனக்கென்று லேபிள் பெயர் வைத்துக்கொண்டவர்களுக்குச் சரியாக இருக்கும். லேபிளில் ஆலையின் பெயரைத் தவிர வேறு பெயரே இல்லாத சபைத் தட்டுகளுக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை.

நம் சிற்றிதழ்களின் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘தனிச்சுற்றுக்கு மட்டும்.’ பத்திரிகையாகப் பதிவு செய்யாமல் நடத்துகிறவர்கள் போட்டுக்கொள்ளும் வரி. சில நூறு பிரதிகள், கைக்காசு, தெரிந்தவர்கள் மூலம் விற்பனை, இருபது வருடம் கழித்து ஒரு பிரதிக்கு அடிதடி. இந்தச் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய உறவு தமிழில் இல்லை. எனவே என் ஓட்டு தனிச்சுற்று இசைத்தட்டுக்கு. அவசரத்துக்குத் தனிச்சுற்றுத் தட்டு. தனிச்சுற்று என்றால் விற்கக்கூடாதே என்று ஒருவர் கேட்கலாம். அந்தச் சிற்றிதழ்களிலும் அதே பக்கத்தில் விலை போட்டிருக்குமே!

எழுதும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இப்படிப்பட்ட தட்டுகள் பலவற்றைப் பிற்காலத்தில் நிறுவனங்கள் தேடிப் பிடித்து மறுவெளியீடு செய்திருக்கின்றன. அவை தனிச்சுற்றுத் தட்டுகள் அல்ல, அவற்றின் மறு அச்சுகள். பட்டியல் போடுகிறவர் ‘தனிச்சுற்று, 1978, முதல் அச்சு, 500 பிரதிகள்’ என்று முழுதாக எழுதட்டும். வாங்குகிறவர் நடு வளையத்துக் கீறல் எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கட்டும்.