‘டக்’ சத்தம்கூட வரவில்லை, தட்டினால் ஓடுகிறது

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் கார் 25 வருடப் பழசு. சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம்கூட வருவதில்லை. பேட்டரி புதுசு. சொலினாய்டு போயிடுச்சு என்று மாற்றினார்கள், அப்புறமும் அதே கதை. வீட்டில் திருஷ்டி கழித்து எலுமிச்சைகூட நசுக்கியாயிற்று. ஆனால் செல்ஃப் மோட்டார் மேல் வீல் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. சத்தம் வராதது சொலினாய்டில், தட்டுவது மோட்டாரில். எது சார் கெட்டுப்போனது?”

பதில் சொல்ல வேண்டுமானால் சொலினாய்டு என்ற மின்காந்த சுவிட்சுக்குள் போயாக வேண்டும்.

செல்ஃப் மோட்டாரின் வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912இல் காடிலாக் கார்களில் வந்தது. கைப்பிடி போட்டுச் சுற்றும் வேலை மெல்ல ஒழிந்தது. சில விநாடி மட்டும் ஓடினால் போதும் என்பதால் சின்ன மோட்டாரைக் கசக்கிப் பிழியலாம். சிறிய காரிலேயே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு மின்சாரத்தைச் சாவி சுவிட்ச் தாங்காது. அதற்காகத்தான் நடுவில் சொலினாய்டு. ஒரே இழுப்பில் அது இரண்டு வேலை செய்கிறது: ஒரு பக்கம் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளி, எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலின் பல் விளிம்பான ரிங் கியரில் கோக்கிறது, மறு பக்கம் தடித்த செம்புத் தகட்டால் பேட்டரியையும் மோட்டாரையும் இணைக்கிறது.

அதற்குள் இருப்பது ஒரு சுருள் அல்ல, இரண்டு. தடித்த கம்பிச் சுருள், பிளஞ்சர் என்ற நகரும் இரும்புத் தண்டை இழுக்க. மெல்லிய கம்பிச் சுருள் இழுத்ததைப் பிடித்து வைத்திருக்க. இரண்டிலும் சுற்றுகள் ஏறக்குறையச் சமம். பிடிக்கும் சுருள் நேராக பாடியில் எர்த் ஆகிவிடுகிறது. இழுக்கும் சுருளுக்கு அப்படித் தனி எர்த் கிடையாது! அதன் மறுமுனை மோட்டாருக்குப் போகும் போல்ட்டில் கட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து ஃபீல்டு காயில் (காந்தப் புலம் தரும் நிலையான சுருள்), கார்பன் (சுழலும் பகுதியை உரசி மின்சாரம் கடத்தும் கட்டி), ஆர்மேச்சர் (சுழலும் பகுதி), இன்னொரு கார்பன் என்று மோட்டார் முழுக்கச் சுற்றித்தான் அது எர்த்தைத் தொடும்.

எதற்கு இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும்? முதலில், சுருள் வழியாகக் கசியும் மின்சாரத்தில் மோட்டார் மெதுவாக அசைகிறது. பினியனின் பல் ரிங் கியர் பல்லில் முட்டி நிற்காமல் நழுவி உட்காருகிறது. அடுத்து, செம்புத் தகடு இணைந்ததும் இழுக்கும் சுருளின் இரு முனைகளிலும் அதே பேட்டரி வோல்ட்டேஜ். வித்தியாசம் இல்லையென்றால் மின்சாரம் ஏது? இழுத்து முடித்த அந்தக் கணமே, தனி சுவிட்ச் எதுவும் இல்லாமல், அது தானாக ஓய்ந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. எஞ்சின் கிளம்பியதும் சாவியை விடுகிறீர்கள். செம்புத் தகடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது மோட்டார் பக்கத்திலிருந்து மின்சாரம் இழுக்கும் சுருளுக்குள் பின்வாசல் வழியாக நுழைகிறது. அதைக் கடந்து பிடிக்கும் சுருள் வழியாக எர்த்துக்குப் போகிறது. ஒரே மின்சாரம், ஒரே எண்ணிக்கைச் சுற்றுகள், எதிரெதிர்த் திசை. இரண்டு காந்தப் புலமும் ஒன்றையொன்று தின்றுவிட, ஸ்பிரிங் பிளஞ்சரை உதைத்துத் தள்ளுகிறது. சுற்றுகளைச் சமமாக வைத்ததன் சூட்சுமம் இதுதான்.

இப்போது உங்கள் கார். கார்பன் தேய்ந்து கட்டையாகிவிட்டால் ஸ்பிரிங்கால் அதை ஆர்மேச்சரின் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் மேல் அழுத்த முடியாது. மோட்டார் வழி அறுந்தால் இழுக்கும் சுருளின் எர்த்தும் போச்சு. பிடிக்கும் சுருளுக்கு மட்டும் மின்சாரம் வரும். ஆனால் தூரத்தில் நிற்கும் பிளஞ்சரை இழுக்க அதற்குத் தெம்பில்லை. அதனால்தான் ‘டக்’ வரவில்லை. தட்டும்போது கார்பன் ஒரு நூல் நகர்ந்து தொட்டுக்கொள்கிறது. எலுமிச்சையை நசுக்க வண்டியைத் தள்ளியிருப்பீர்கள் இல்லையா? அந்தக் குலுக்கலிலும் இதே பலன் கிடைக்கலாம். திருஷ்டிக்கு அதில் பங்கில்லை. தட்டுவதானால் கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு. சில மோட்டார்களில் ஃபீல்டு காயிலுக்குப் பதில் நிரந்தரக் காந்தம் இருக்கும். ஓங்கி அடித்தால் அது விரிசல் விடும்.

மற்ற சத்தங்களுக்குக் காரணம் வேறு. ‘கடகடகட’ என்றால் பெரும்பாலும் பேட்டரி சோர்வு: தகடு இணைந்ததும் வோல்ட்டேஜ் சரிந்து பிடி விடுகிறது, விட்டதும் வோல்ட்டேஜ் ஏறி மறுபடி இழுக்கிறது. பேட்டரி நன்றாக இருந்தும் அப்படி என்றால் கேபிள் முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த முனையில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும். 200 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். ஒரே ஒரு ‘டக்’, உள்விளக்கும் மங்கவில்லை என்றால் தகடு கருகியிருக்கலாம், இல்லையேல் அரைகுறையாகத் தொடும் கார்பன்தான்.

சரிசெய்ய முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். மோட்டாரை இறக்கிப் பின்மூடியைத் திறந்தால் கரித்தூள் கொட்டும். புதுக் கார்பன் செட் போட்டு, அதன் செம்புப் பின்னலை அதிக வாட் சால்டரிங் அயர்னால் பற்றவைக்க வேண்டும்; ரேடியோ ரிப்பேர் அயர்ன் அங்கே சூடேற்றாது. கறுத்த கம்யூட்டேட்டரை நைஸ் உப்புத்தாளால் துடைக்கலாம். ஆர்மேச்சர் தண்டைத் தாங்கும் வெண்கல புஷ் மாற்றுவதானால் முந்தின நாளே எஞ்சின் ஆயிலில் ஊறப்போடுங்கள். பினியன் ஏறி இறங்கும் தண்டில் கிரீஸை அப்பாதீர்கள், கிளட்ச் தூசி ஒட்டிச் சிக்கிக்கொள்ளும்.

நம் பள்ளிகளில் மின்காந்தம் என்றால் இன்னும் ஆணியில் கம்பி சுற்றிக் குண்டூசி பொறுக்குவதோடு சரி. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஒரு சொலினாய்டை அறுத்து மேஜையில் வைக்க என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. உங்களிடம் ஏற்கெனவே கழற்றிப் போட்ட ஒன்று இருக்கிறது. அதில் தவறேதும் இருக்க வாய்ப்பில்லை. டெஸ்ட் செய்து ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் ஹாக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள், இரண்டு கம்பிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்.