வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் கேட்டால் என்ன செய்வது?

மளிகைக் கணக்கை இறுக்கிப் பிடித்து, பண்டிகைத் துணியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்து, சிறுவாடாகச் சேர்த்த பணத்தை வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டிவிடலாம் என்று வங்கிக் கிளைக்குப் போகிறவர்கள் திருப்பி அனுப்பப்படுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். "ஒரு வருடம் முடியாமல் கட்ட முடியாது", "இரண்டு சதவீதம் கட்டணம் ஆகும்", "பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டுங்கள்" என்று சொல்லப்படும் பதில்களில் பெரும்பாலானவற்றுக்கு விதியில் இடமில்லை. ஆனால் கேட்பவருக்கு விதி தெரியாது. சொல்பவருக்கும் பல நேரங்களில் தெரியாது. இந்த இரண்டு அறியாமைக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு மாதக்கணக்கில் சும்மா கிடக்க, கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விதி சுருக்கமானது. மாறும் வட்டியில், அதாவது சந்தை நிலவரத்துக்கேற்ப ஏறி இறங்கும் வட்டியில், வழங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் மாதமே சொல்லிவிட்டது. 2025 ஜூலை 2 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் அதை இன்னும் தெளிவாக்கியது. 2026 ஜனவரி 1 முதல் ஒப்புதல் பெறும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களில், தனிநபர் ஒருவர் தொழில் அல்லாத தேவைக்கு மாறும் வட்டியில் வாங்கிய கடனை முழுவதுமாக அடைத்தாலும், ஒரு பகுதியை மட்டும் அடைத்தாலும் கட்டணம் கிடையாது. பணம் எங்கிருந்து வந்தது என்பது பொருட்டல்ல, குறைந்தபட்சக் காத்திருப்புக் காலமும் கிடையாது. கடனில் மனைவியோ மகனோ இணைக் கடனாளியாக இருந்தாலும் இதே நிலைதான். ஆகவே வேறு வங்கி குறைந்த வட்டிக்குத் தருகிறது என்று கடனை அங்கே மாற்றிக்கொண்டு போகிறவரிடமும் அபராதம்போல ஒரு தொகையைப் பிடிக்க முடியாது.

இனி, ஏமாறும் இடங்கள். முதலாவது, உங்கள் கடன் உண்மையிலேயே மாறும் வட்டிக் கடன்தானா என்பது. முதல் சில ஆண்டுகளுக்கு நிலையான வட்டி, அதன் பிறகு மாறும் வட்டி என்று இரண்டும் கலந்த கடன்களை விற்கும்போது "சலுகை வட்டி" என்றுதான் சொல்வார்கள். அத்தகைய கடனில், நீங்கள் பணம் கட்டும் அந்த நாளில் எந்த வகை வட்டி நடப்பில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் கட்டணம் உண்டா இல்லையா என்பது முடிவாகும். நிலையான வட்டிக் காலம் முடிய இரண்டே மாதம் இருக்கும்போது அவசரப்பட்டுப் பெருந்தொகையைக் கட்டி, தேவையில்லாமல் கட்டணமும் செலுத்திவிட்டு வருபவர்கள் உண்டு. இரண்டாவது, கடனின் நோக்கம். வீட்டை அடமானம் வைத்துக் கடை விரிவாக்கத்துக்கு வாங்கிய கடனை வீட்டில் எல்லோரும் "வீட்டுக் கடன்" என்றே சொல்வார்கள். ஆவணத்தில் அது தொழில் கடன் என்று இருக்கும், அதற்கு விதிகள் வேறு. இந்த இரண்டுக்கும் விடை ஒப்புதல் கடிதத்தில் இருக்கிறது. கிளைக்குப் போகும் முன் அதைத் தேடி எடுத்து, வட்டி வகை, கடன் நோக்கம் ஆகிய இரண்டு வரிகளையும் படித்துவிட்டுப் போங்கள்.

கட்டணம் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு "நிர்வாகச் செலவு", "கணக்கு முடிப்பு விவரத்துக்கான தொகை", "ஆவணம் எடுத்துத் தரும் செலவு" என்று கேட்பதும் நடக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் ஒரே இடத்தில் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் கொடுப்பவர் கட்டாயம் தர வேண்டும். அதில் குறிப்பிடாத ஒரு கட்டணத்தைக் கடன் காலத்தில் உங்கள் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்க முடியாது. எனவே யாராவது ஒரு தொகையைச் சொன்னால், அது எந்தத் தாளில், எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அதை எழுத்தில் தரவும் சொல்லுங்கள். வாய்மொழியாக மிகத் துணிச்சலாகச் சொல்லப்படும் கட்டணங்கள் பல, எழுதித் தரச் சொன்ன உடனே மறைந்துபோகின்றன.

இதைவிடப் பெரிய இழப்பு, கட்டணமே வாங்காமல் பணத்தைத் தவறான இடத்தில் வரவு வைப்பதால் ஏற்படுகிறது. 25 லட்ச ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 22,493 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 18,750 ரூபாய் வட்டிக்குப் போய்விட, அசலில் கழிவது 3,743 ரூபாய் மட்டுமே. இப்படிப்பட்ட நிலையில், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த 3,000 ரூபாயை மாதாமாதம் அசலில் சேர்த்தால், வட்டி விகிதம் மாறாமல் இருக்கும் பட்சத்தில், கடன் 178 மாதங்களில், அதாவது 15 ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். மிச்சமாகும் வட்டி சுமார் 8.6 லட்சம் ரூபாய். ஆனால் அந்த 3,000 ரூபாயை அசலில் கழிக்காமல் "முன்பணத் தவணை" என்று ஓரமாக நிறுத்திவைத்தால், அடுத்த மாதத் தவணைக்கு அதை எடுத்துக்கொள்வார்கள், அசல் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் குறையாது. கணக்கு அறிக்கையில் பணம் வந்ததாகத்தான் இருக்கும். அதனால் மக்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வரவுப் பத்தியைப் பார்ப்பது போதாது. அசல் நிலுவைப் பத்தியில், பணம் கட்டிய தேதிக்கு நேராக, நீங்கள் கட்டிய முழுத் தொகையும் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் அன்றே கடிதம் கொடுங்கள்.

கடிதத்தில் இன்னொரு வரியும் இருக்க வேண்டும்: "இத்தொகையை அசலில் கழித்து, மாதத் தவணையை மாற்றாமல், கடன் காலத்தைக் குறைக்கவும்." இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதால் கைவிட்டுப்போன தொகைகளைப் பார்த்தபோது வயிறு எரிந்திருக்கிறது. மேலே சொன்ன கடனில் தொடக்கத்திலேயே ஒரு முறை 36,000 ரூபாய் கட்டினால், காலத்தைக் குறைக்கும் வழியில் ஒன்பது மாதத் தவணைகளுக்கு மேல் தீர்ந்து, 1.7 லட்சம் ரூபாய்க்கு மேல் வட்டி மிச்சமாகும். தவணைத் தொகையைக் குறைக்கும் வழியிலோ மாதம் 324 ரூபாய் குறையும். 20 ஆண்டுகளில் மிச்சமாவது சுமார் 42,000 ரூபாய்தான். வருமானம் குறைந்து திணறுகிறவருக்கு இரண்டாவது வழி தேவைப்படலாம். மற்றவர்களுக்கு அது தேவையில்லை, ஆனால் நீங்கள் எழுதிக் கேட்காவிட்டால் எது நடக்கும் என்பது அந்தந்த வங்கியின் கணினி அமைப்பைப் பொறுத்தது.

கூடுதலாகக் கட்டியிருக்கிறோமே என்று அடுத்த மாதத் தவணையை விட்டுவிடாதீர்கள். அசலில் கழித்த பணம் தவணையாகாது. தவணை தவறியதாகவே பதிவாகும், தாமதக் கட்டணமும் வரும், கடன் மதிப்பெண்ணும் குறையும். அப்படிக் கட்டிய பணத்தைச் சாதாரண வீட்டுக் கடனில் திரும்ப எடுக்கவும் முடியாது. ஆகவே சில மாதச் செலவுக்கான தொகையையும் மருத்துவத்துக்கான தொகையையும் தனியே வைத்துக்கொண்டு மீதியைக் கட்டுவதே நல்லது. வரிச் சலுகை போய்விடும் என்று தடுப்பவர்கள் சொல்வதைக் கேட்டுத் தயங்க வேண்டாம். பழைய வரி முறையில்கூட, குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வட்டி வரைதான் கழிவு, அதிலும் உங்களுக்கு மிச்சமாவது அதற்குரிய வரி மட்டுமே. புதிய முறையில் அந்தக் கழிவே இல்லை.

நீங்கள் இங்கே சிறுகச் சிறுக அடைத்துக்கொண்டிருக்கும்போது, மறுபக்கம் கடன் காலம் சத்தமில்லாமல் நீண்டுவிடுவதும் உண்டு. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டிவிடுவது வங்கிகளுக்கு எளிது, உங்களுக்குத் தெரியவே தெரியாது. 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்வு செய்யும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி விகிதம் ஆகியவை அடங்கிய அறிக்கையைக் காலாண்டுதோறும் தர வேண்டும். இந்த அறிக்கை வருவதில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அதில் மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை சென்ற காலாண்டைவிடக் கூடியிருந்தால், உங்கள் சிக்கனம் எங்கே போகிறது என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். 2019 அக்டோபருக்கு முன் வங்கியில் கடன் வாங்கியவர்கள், தங்கள் வட்டி இன்னும் பழைய அடிப்படையிலேயே நிர்ணயமாகிறதா என்பதையும் கேட்க வேண்டும். ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற வெளி அளவுகோலுக்கு மாற அவர்களுக்கு உரிமை உண்டு. நியாயமான நிர்வாக, சட்டச் செலவு தவிர வேறு கட்டணம் கிடையாது.

கடைசித் தவணை கட்டிய பிறகு தொடங்கும் அலைச்சல் தனி. "பத்திரம் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது, வந்ததும் கூப்பிடுகிறோம்" என்று சொல்லி மாதக்கணக்கில் இழுத்தடிப்பது ஒரு காலத்தில் சாதாரணம். 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் எல்லா மூல ஆவணங்களையும் திருப்பிக் கொடுத்து, பதிவேடுகளில் உள்ள அடமானப் பதிவையும் நீக்க வேண்டும். தாமதம் அவர்கள் தரப்பில் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆவணம் தொலைந்தோ சேதமடைந்தோ போயிருந்தால் நகல் எடுக்கும் செலவை அவர்களே ஏற்று உதவ வேண்டும்; அதற்கு மட்டும் மேலும் 30 நாட்கள் அவகாசம். இந்த இழப்பீடு தானாக வந்து சேரும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். கடன் தீர்ந்த தேதி பொறித்த நிலுவையின்மைச் சான்றை அன்றே வாங்குங்கள், ஏனென்றால் 30 நாள் எப்போது தொடங்கியது என்பதில்தான் பிறகு சண்டை வரும். ஆவணங்களை வாங்கும்போது, கடன் எடுத்த நாளில் ஒப்படைத்த பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தாய்ப் பத்திரம் விடுபட்டிருப்பது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், கொடுத்துவிட்டோம் என்பதற்கு அந்தக் கையெழுத்தே சாட்சியாகிவிடும். தவணைக்காகக் கொடுத்த காசோலைகளையும் கேட்டு வாங்கி, கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்யுங்கள்.

தமிழ்நாட்டில் உரிமைப் பத்திர ஒப்படைப்பை, அதாவது கடனுக்கு ஈடாக வீட்டுப் பத்திரத்தை வங்கியிடம் கொடுத்ததை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து கடன் வாங்கியிருந்தால், பத்திரம் கைக்கு வந்துவிட்டது என்பதோடு வேலை முடியவில்லை. கடன் தீர்ந்தது என்று ஒப்புக்கொள்ளும் ரசீது ஆவணத்தை வங்கி தரப்பில் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் கடன் தீர்ந்தது தெரியும். இதற்கு அதிகாரியை அனுப்புவதைக் கிளைகள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும், நீங்களும் அவசரமில்லை என்று விட்டுவிடுவீர்கள். பல ஆண்டு கழித்து வீட்டை விற்கும்போதோ, பிள்ளைகள் பெயருக்கு எழுதும்போதோ, அந்தக் கிளையே இடம் மாறியிருக்கும். கணக்கை முடிக்கும் கடிதத்திலேயே ரசீது ஆவணப் பதிவையும் கேட்டு, பதிவான பின் புதிய வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இவற்றில் எதற்கும் கிளை மறுத்தால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்துபூர்வமாகப் புகார் அனுப்பி, ஒப்புகை எண் வாங்க வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். உதவிக்கு 14448 என்ற எண் இருக்கிறது. இந்த முதல் படியைத் தாண்டி நேராகக் குறைதீர்ப்பாளரிடம் போனால் புகாரை ஏற்க மாட்டார்கள், அதற்குள் ஒரு மாதம் வீணாகியிருக்கும். கடன் கொடுத்தது வங்கியல்லாமல் வீட்டு வசதிக் கடன் நிறுவனம் என்றால் அந்த வாசலும் உங்களுக்கில்லை. தேசிய வீட்டு வசதி வங்கியின் புகார் தளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்குக் கடன் கொடுத்தது வங்கியா, வீட்டு வசதிக் கடன் நிறுவனமா என்பதை ஒப்புதல் கடிதத்தின் தலைப்பில் பார்த்துவிட்டுப் புகாரை அனுப்புங்கள். பெயரில் வங்கியின் பெயர் கலந்திருப்பதால் மட்டும் ஒரு நிறுவனம் வங்கியாகிவிடாது.