அமெரிக்காவில் வாடகை வீடு: உங்களைப் பற்றிய அறிக்கையை முதலில் நீங்கள் படியுங்கள்

அமெரிக்காவுக்கு வந்து முதல்முறை அபார்ட்மெண்ட் தேடுகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "உங்க கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கீங்களா?" என்பதுதான். நீங்கள் என்னென்ன கடன் வாங்கினீர்கள், எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் அறிக்கை அது. பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். ஆஃபர் லெட்டர், பே ஸ்டப் எனும் சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் நகல் எல்லாம் ஃபைலில் பத்திரமாக இருக்கும். ஆனால் விண்ணப்பக் கட்டணத்தை வாங்கியதும் வீட்டை வாடகைக்கு விடும் லீசிங் ஆபீஸ் செய்யும் முக்கியமான வேலை, உங்களைப் பற்றி ஒரு தனியார் நிறுவனத்திடம் அறிக்கை வாங்குவது. பழைய கடன், வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் போட்ட வழக்கு, குற்றப் பதிவு எல்லாம் அதில் வரும். உங்களுக்கு வீடு கொடுப்பதா இல்லையா என்பதை அதை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

அந்த அறிக்கையைப் பார்க்கவும் தவறு இருந்தால் திருத்தவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. 1970-இல் வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட் என்ற மத்தியச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. எந்த மாநிலத்தில் இருந்தாலும் இது பொருந்தும். விசாவில் இருப்பவர், கிரீன் கார்டு வைத்திருப்பவர், குடிமகன் என்ற பேதம் இதில் இல்லை.

வீடு தேடத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையை ஆரம்பியுங்கள். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகியவைதான் கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் மூன்று பெரிய நிறுவனங்கள்; மூன்றின் ரிப்போர்ட்டையும் ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் என்ற தளத்தில் வாரம் ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுவீர்களா என்று மதிப்பிடும் எண், குறையாது. வாடகைதாரர்களைப் பற்றி நாடு முழுக்கத் தகவல் திரட்டி விற்கும் நிறுவனங்களும் தனியாக உண்டு. நீங்கள் கேட்டால் 12 மாதங்களுக்கு ஒருமுறை அவையும் இலவச நகல் தர வேண்டும். அந்த நிறுவனங்களின் பட்டியலை நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபி வெளியிடுகிறது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் பெயரைப் பாருங்கள். நம் ஆட்களுக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் லாஸ்ட் நேம் ஆகிறது. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அச்சாகிவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்புறம் வங்கியில் ஒரு மாதிரி, டிரைவிங் லைசன்ஸில் ஒரு மாதிரி, செல்போன் கணக்கில் இன்னொரு மாதிரி பெயர் ஏறுகிறது. செல்வராஜ் முருகன் ஓரிடத்தில் முருகன் செல்வராஜ் ஆகிறார், இன்னோரிடத்தில் எஸ். முருகன் ஆகிறார். ஒரே ஆளின் கணக்குகள் இரண்டு கோப்புகளாகப் பிரிந்துவிட்டால், ஒழுங்காகக் கட்டிய கிரெடிட் கார்டு கூட லீசிங் ஆபீஸின் கண்ணில் படாமல் போகலாம். அதைவிட மோசம், அதே பெயருள்ள வேறொருவரின் கடன் உங்கள் தலையில் விழுவது. என்னுடைய ரிப்போர்ட்டை முதன்முதலில் எடுத்தபோது, நான் கால் வைத்தே இராத ஓர் ஊரின் முகவரி என் பெயருக்குக் கீழே இருந்தது. அதற்கும் கீழே, நான் வாங்காத ஒரு கடைக் கார்டு, அதாவது ஒரு கடையின் பெயரில் தரும் கிரெடிட் கார்டு.

தவறைக் கண்டால் ரிப்போர்ட் தந்த நிறுவனத்துக்கே எழுத்தில் தெரிவியுங்கள். எந்த வரி தவறு என்று குறித்து, அதற்கான ஆதாரத்தையும் வையுங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள், சில நேரங்களில் 45 நாட்களுக்குள், அவர்கள் விசாரித்தாக வேண்டும். சரிபார்க்க முடியாத தகவலை நீக்கியாக வேண்டும். ஒரு மாதம் முன்பே தொடங்கச் சொல்வது இந்த 30 நாளுக்காகத்தான். உண்மையான தகவலைச் சட்டம் அழித்துத் தராது. ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு: பெரும்பாலான பாதகமான தகவல்களை 7 ஆண்டுகளுக்கு மேலும், திவால் வழக்கை 10 ஆண்டுகளுக்கு மேலும் ரிப்போர்ட்டில் வைத்திருக்கக் கூடாது. குற்றத் தண்டனைக்கு மட்டும் மத்தியச் சட்டத்தில் இந்த வரம்பு இல்லை.

இன்னொன்று, சிறிய விஷயம்தான், ஆனால் விண்ணப்பத்தையே நிறுத்திவிடும். பாதுகாப்புக்காக உங்கள் கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்து, அதாவது ரிப்போர்ட்டைப் பிறர் எடுக்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தால் வீட்டுக்காரரால் ரிப்போர்ட் எடுக்க முடியாமல் போகலாம். எந்த நிறுவனத்திடம் எடுப்பார்கள் என்று கேட்டு, அங்கே மட்டும் ஃப்ரீஸைத் தற்காலிகமாக விலக்குங்கள். இது இலவசம், இணையத்திலோ போனிலோ கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் செய்து தர வேண்டும்.

வந்து சில வாரமே ஆனவர்களுக்கு ரிப்போர்ட்டே இருக்காது. அதற்காக மனம் தளர வேண்டாம். சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று பெரிய வளாகங்கள் கேட்பது வழக்கமே தவிர சட்டமில்லை. பேசிப் பார்க்க இடமுண்டு. ஆஃபர் லெட்டர், வங்கி இருப்பு, முன்பு வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம், முடிந்தால் இங்கே நல்ல கிரெடிட் உள்ள ஒரு கோ-சைனர் (நீங்கள் வாடகை கட்டாவிட்டால் தான் கட்டுவதாகக் கையெழுத்திடுபவர்) ஆகியவற்றை அவர்கள் கேட்பதற்கு முன்பே நீட்டுங்கள். கூடுதல் டெபாசிட் தருகிறேன் என்று சொல்வது எல்லா மாநிலத்திலும் செல்லாது. நியூயார்க்கில் ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. கலிஃபோர்னியாவிலும் 2024 ஜூலை 1 முதல் அதே வரம்புதான், சிறு வீட்டுக்காரர்கள் சிலருக்கு மட்டும் விலக்கு. உங்களைப் பற்றிய அறிக்கையை எடுக்க வாங்கும் கட்டணத்துக்கும் நியூயார்க்கில் 20 டாலர் உச்சவரம்பு உண்டு. கடந்த 30 நாட்களுக்குள் எடுத்த அறிக்கையை நீங்களே கொடுத்தால் அந்தப் பணத்தையும் கேட்க முடியாது.

சரி, இத்தனைக்குப் பிறகும் மறுத்துவிட்டால்? "சாரி, உங்க அப்ளிகேஷன் அப்ரூவ் ஆகல" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வராதீர்கள். அறிக்கையில் உள்ள எதையாவது வைத்து மறுத்திருந்தால், அந்த அறிக்கையைத் தந்த நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை வீட்டுக்காரர் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். கிரெடிட் ஸ்கோரைப் பார்த்திருந்தால் அந்த எண்ணையும் தர வேண்டும். மறுப்புக்கு மட்டுமல்ல இந்த விதி: அறிக்கையைக் காரணம் காட்டி கோ-சைனர் கேட்டாலும், மற்றவர்களைவிட அதிக டெபாசிட் கேட்டாலும் இதே அறிவிப்பு உங்களுக்கு வர வேண்டும். வாயால் சொல்வதும் அறிவிப்புதான் என்றாலும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அன்றிலிருந்து 60 நாட்களுக்குள் கேட்டால் அந்த நிறுவனம் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

மறுத்ததற்கான காரணம் கிரெடிட்டே இல்லை என்று தோன்றினால் அது வேறு சட்டம். 1968-இன் ஃபேர் ஹவுசிங் ஆக்ட்படி இனம், நிறம், பிறந்த நாடு, மதம், பாலினம், குழந்தைகள் இருப்பது, உடல் அல்லது மனநலக் குறைபாடு ஆகியவற்றுக்காக வீடு மறுக்கக் கூடாது. "சின்னப் பிள்ளைகள் இருக்கிற குடும்பத்துக்குத் தருவதில்லை" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள்; முதியோருக்கென்றே உள்ள குடியிருப்பு போன்ற சில விலக்குகள் தவிர அது சட்டவிரோதம். விசா நிலை இந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. ஆனால் உங்களிடம் மட்டும் விசா கேட்டு, மற்றவர்களிடம் எதுவும் கேட்கவில்லை என்றால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யார் சொன்னார், எந்தத் தேதி, என்ன வார்த்தை என்று அன்றைக்கே எழுதுங்கள். வீட்டு வசதித் துறையான ஹட்-இடம் ஓர் ஆண்டுக்குள் இலவசமாகப் புகார் தரலாம்; நீதிமன்றம் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு.

தவறான அறிக்கையால் போன வீட்டை உங்களுக்காக நிறுத்தி வைக்கும்படி சட்டம் வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்துவதில்லை. அது வருத்தம்தான். ஆனாலும் திருத்தம் நடந்ததும், கடந்த ஆறு மாதத்தில் அந்த அறிக்கையை வாங்கியவர்களுக்குத் திருத்தத்தைத் தெரிவிக்கும்படி நிறுவனத்திடம் கேட்கலாம். என் ரிப்போர்ட்டில் இருந்து அந்தக் கடைக் கார்டு நீங்கியபோது நான் அதைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.