இம்பீடன்ஸ்: ஹெட்ஃபோன் பெட்டியில் எழுதியிருக்கும் அந்த 'ஓம்ஸ்'

ஹெட்ஃபோன் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இதுல 300 ஓம்ஸ்னு போட்டிருக்கே, என் ஃபோன்ல பாடுமா?" கடைக்காரரும் ஓம்ஸ் என்கிறார், வாங்குகிறவரும் ஓம்ஸ் என்கிறார். ஓம் என்பது அலகின் பெயர். ஜெர்மானிய இயற்பியலாளர் கேயார்க் ஓமின் நினைவாக வைத்தது. அந்த அலகால் நாம் இங்கே அளப்பது, மாறும் மின்னோட்டத்துக்கு ஒரு கருவி காட்டும் எதிர்ப்பு; அதற்கு இம்பீடன்ஸ் என்று தனிப் பெயர் உண்டு. கிலோ என்ற சொல் மட்டும் வாயில் தங்கி, எடை என்ற சொல் மறந்துபோனால் எப்படி இருக்கும்? இம்பீடன்ஸ் என்ற சொல்லுக்கு நம் பேச்சில் நேர்ந்திருப்பது அதுதான்.

மைக் செட்காரர்களும் ஓம்ஸ் என்றே சொல்வார்கள். சின்ன வயதில், எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் குழாய் கட்ட வரும் அண்ணன் ஆம்ப்ளிஃபையரைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் 4, 8, 16 என்று எழுதியிருக்கும் முனைகளைக் காட்டுவார். "ஓம்ஸ் பார்த்து மாட்டணும் தம்பி, இல்லேன்னா ஆம்ப்ளிஃபையர் புகைஞ்சிரும்." அவர் தொழிலுக்கு அவர் சொன்னது முழுக்கச் சரி. 8 ஓம் குழாயை 8 என்று எழுதிய முனையில்தான் மாட்ட வேண்டும். ஆனால் இந்தச் 'சமமாக மாட்டு' என்ற விதி ஹெட்ஃபோனுக்குச் செல்லாது. ஏன் செல்லாது என்பதைச் சொல்லின் வேரிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

இம்பீடன்ஸ் என்ற சொல்லை 1886இல் உருவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேயர். 'தி எலக்ட்ரீஷியன்' என்ற இதழில் எழுதிவந்த கட்டுரைகளில் அதை அறிமுகப்படுத்தினார். இண்டக்டன்ஸ், கண்டக்டன்ஸ் போன்ற சொற்களும் அவர் தந்தவையே. பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. தந்தி இயக்குநராக வேலை பார்த்தவர், மீதியைத் தானே படித்துக்கொண்டார். சிறுவயதில் வந்த காய்ச்சலால் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. இன்று உலகமெங்கும் இசை கேட்கும் கருவிகளின் பெட்டிகளில் அச்சாகும் ஒரு சொல்லைத் தந்தவருக்குச் சரியாகக் காது கேட்டதில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒரு நொடி நின்றுவிடுகிறது.

அவர் எடுத்துக்கொண்ட வேர் லத்தீன் மொழியின் 'இம்பெடீரே'. அதற்குள்ளே இருப்பது 'பெஸ்', அதாவது பாதம். பாதத்தைக் கட்டிப்போடுவது, காலில் விலங்கு மாட்டுவது என்பதே அடிப்படைப் பொருள். அதற்கு எதிர்ச்சொல் 'எக்ஸ்பெடீரே', காலை அவிழ்த்துவிடுவது. நம்மிடம் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: தளை. மேய விடும் கழுதைக்கும் குதிரைக்கும் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் தளை போடுவார்கள். தளை போட்ட கழுதை நகராமல் நிற்பதில்லை. மெதுவாக நடக்கும், மேயும். ஓட முயன்றால்தான் கயிறு இழுக்கும்.

இம்பீடன்ஸ் என்பதன் முழு இயல்பும் இந்தக் காட்சியில் இருக்கிறது. ஒரு கம்பிச்சுருளில் மெதுவாக மாறும் மின்னோட்டம் எளிதாகப் போகும். வேகமாக மாறுவது சிரமப்பட்டுப் போகும். மின்தேக்கியில் இதற்கு நேர் எதிர். எவ்வளவு சிரமம் என்பது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. இசையின் மொழியில் சொன்னால், சுருதியைப் பொறுத்தது. மிருதங்கத்தின் தொப்பிக்கு ஒரு ஓம், ஜாலராவுக்கு வேறொரு ஓம்.

இப்போது தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் மூன்று சொற்கள் தனித்தனியாக உள்ளன. ரெசிஸ்டன்ஸ் என்பது மின்தடை. ரியாக்டன்ஸ் என்பது மின்மறுப்பு. இவை இரண்டும் சேர்ந்த மொத்தம், அதாவது இம்பீடன்ஸ், மின்னெதிர்ப்பு. தடை எந்தச் சுருதியிலும் ஒன்றே. வரும் ஆற்றலை வெப்பமாக்கித் தீர்த்துவிடும். மறுப்பு ஆற்றலைத் தின்பதில்லை, வாங்கி வைத்துத் திருப்பித் தந்துவிடும். இந்த வேறுபாடு முக்கியம். இணையத்தில் சிலர் இம்பீடன்ஸுக்கே மின்மறுப்பு என்றும், இன்னும் சிலர் மின்தடை என்றும் எழுதிவிடுகிறார்கள். மின்தடை என்று எழுதினால் கட்டாயம் பிழை. அந்தச் சொல்லைப் படிப்பவர் 300 ஓம் என்பதை ஒரு சுவர்போல நினைத்துக்கொள்வார்: உயரமான சுவர், ஏறுவது கடினம் என்று.

மின்னெதிர்ப்பு என்ற சொல்லை நான் விரும்புவதற்குப் பாடநூலில் இருப்பது மட்டும் காரணமில்லை. ஹெட்ஃபோனுக்குள் உண்மையிலேயே ஓர் எதிர்ப்பு நடக்கிறது. காந்தத்தின் இடைவெளியில் ஒரு சுருள் ஆடுகிறது. அதனோடு ஒட்டிய மெல்லிய சவ்வு காற்றைத் தள்ளுகிறது. காந்தப்புலத்தில் ஆடும் எந்தச் சுருளும் ஒரு டைனமோதான். ஆகவே ஆம்ப் (ஆம்ப்ளிஃபையரின் சுருக்கம்) ஒரு பக்கமிருந்து தள்ள, சுருள் தன் ஆட்டத்தாலேயே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி எதிர்த்துத் தள்ளுகிறது. சவ்வு தன் இயற்கையான அதிர்வெண்ணில் மிகச் சுதந்திரமாக ஆடும்போது இந்த எதிர்த்தள்ளல் உச்சத்துக்குப் போகிறது. சென்ஹைசர் எச்டி 600 என்ற ஹெட்ஃபோனின் பெட்டியில் 300 ஓம் என்று இருக்கும். ஆனால் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த ஒலிகளில் அது 500 ஓம் அளவுக்கு ஏறுகிறது. பெட்டியில் போடும் எண், வழக்கமாக 1 கிலோஹெர்ட்ஸில் எடுக்கும் ஒரே ஒரு புள்ளியின் எண்.

ஏன் இத்தனை விதமான ஓம்கள்? மெல்லிய கம்பியைப் பல சுற்று சுற்றினால் மின்னெதிர்ப்பு கூடும். சற்றுத் தடித்த கம்பியைச் சில சுற்றுகளே சுற்றினால் குறையும். ஆம்ப்ளிஃபையரே இல்லாத பழைய கிரிஸ்டல் ரேடியோக்களில் 2000 ஓம் காதுக்கருவிகள் சாதாரணம். வருவதே சொட்டு மின்னோட்டம். அதைப் பல சுற்றுக் கம்பியால் பயன்படுத்திக்கொண்டார்கள். இன்று பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என மூன்று வடிவங்களில் விற்றிருக்கிறது. கையடக்கக் கருவிக்கு 32, ஸ்டுடியோவின் பெரிய ஆம்ப்புக்கு 250 என்று, ஹெட்ஃபோனைச் செருகும் கருவியைப் பார்த்துச் செய்த பிரிவு அது. மின்னழுத்தம் குறைவான இடத்தில் குறைந்த ஓம், மின்னழுத்தம் தாராளமாக உள்ள இடத்தில் அதிக ஓம்.

அப்படியானால் 300 ஓம் என்றால் பாட வைப்பது கடினம்தானே? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். மின்னெதிர்ப்பை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. உணர்திறன் என்ற இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1 மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதே உணர்திறன். எச்டி 600க்கு அது சுமார் 97 டெசிபல். ஹைஃபைமேன் எச்இ-6 என்ற ஹெட்ஃபோனுக்கு 83.5 டெசிபல், ஆனால் அதன் மின்னெதிர்ப்போ வெறும் 50 ஓம். இரண்டையும் இசையின் உச்சத்தில் 110 டெசிபல் எட்ட வைக்க என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 ஓம் எச்டி 600க்குச் சுமார் 20 மில்லிவாட் போதும்: ஏறக்குறைய இரண்டரை வோல்ட், 8 மில்லியாம்பியர். 50 ஓம் எச்இ-6க்கு 450 மில்லிவாட்டை ஒட்டி வேண்டும்: 4.7 வோல்ட், 95 மில்லியாம்பியர். ஓம் ஆறில் ஒரு பங்கு, தேவைப்படும் மின்திறனோ இருபது மடங்குக்கும் மேல். 'ஓம்ஸ் கம்மி, ஃபோனிலேயே பாடும்' என்று நம்பி இப்படிப்பட்ட ஒன்றை வாங்கி, வால்யூமைக் கடைசிவரை திருகிவிட்டு உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தவறில்லை. அவர்களுக்குக் கிடைத்த சொல் பாதிச் சொல்.

ஆரம்பக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஹெட்ஃபோனை மாட்டுவதற்காக ஃபோனில் செருகும் சிறிய இணைப்பிகளான டாங்கிள்கள் பல சுமார் 1 வோல்ட்வரை தரும். 1 வோல்ட்டில் எச்டி 600 ஏறக்குறைய 102 டெசிபல்வரை போகும். பாடும். சினிமாப் பாட்டுக்குத் தாராளம். மெல்லிய ஆலாபனையிலிருந்து திடீரென எழும் பெரிய வாத்தியக்குழு இசையைப் பெரிதாகக் கேட்க விரும்பினால்தான் தனி ஆம்ப் தேவைப்படும்.

அப்புறம், 'மேட்சிங்'. இதைப் பொருத்தம் என்று மொழிபெயர்க்கிறோம். மேட்சிங்குக்கு மூலம் தொலைபேசி. மைல் கணக்கில் ஓடும் கம்பியின் இரு முனைகளிலும் மின்னெதிர்ப்பு சமமாக இருந்தால்தான் ஆற்றல் அதிகபட்சம் போய்ச் சேரும், எதிரொலி வராது. 600 ஓம் என்ற வழக்கம் அங்கிருந்து வானொலி நிலையங்களுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் வந்தது. அங்கே மேட்சிங் என்றால் சமன்செய்தல். ஆனால் தமிழில் பொருத்தம் என்றால் சமமா? கல்யாணப் பொருத்தம் பார்க்கும்போது இருவரும் ஒரே நட்சத்திரமாக இருப்பதையா தேடுகிறோம்? ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதுதான் பொருத்தம். ஹெட்ஃபோனுக்கு வேண்டியது இந்தத் தமிழ்ப் பொருள்தான், தொலைபேசிக்காரர்களின் பொருள் அல்ல. எனவே பழைய மேட்சிங்கைச் சமன்செய்தல் என்றும், ஹெட்ஃபோனுக்கும் ஆம்ப்புக்கும் பார்ப்பதைப் பொருத்தம் என்றும் பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

அந்தப் பொருத்தத்தின் விதி இது. ஆம்ப்புக்கும் உள்ளே ஒரு மின்னெதிர்ப்பு உண்டு; வெளியீட்டு மின்னெதிர்ப்பு என்போம். ஹெட்ஃபோன் அதற்குப் பளு. மின்னழுத்தத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். ஹெட்ஃபோனின் மின்னெதிர்ப்பு சுருதிக்குச் சுருதி ஏறி இறங்குவதால் அதன் பங்கும் ஏறி இறங்கும். ஆம்ப்பின் எண் மிகச் சிறியதாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் காதில் படாது. எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது பரவலான கைக்கணக்கு: 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 4 ஓமுக்குள், 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமுக்குள்.

மீறினால் என்ன ஆகும்? சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1996இல் வெளியிட்ட ஒரு தரநிலை, ஹெட்ஃபோன் வெளியீட்டுக்கு 120 ஓம் என்றே பரிந்துரைத்தது. அப்படிப்பட்ட ஆம்ப்பில் எச்டி 600ஐ மாட்டினால், 500 ஓமுக்கு ஏறும் இடத்தில் சுமார் 1 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். கொஞ்சம் கனத்த, கதகதப்பான பேஸ். சிலர் அதை விரும்பியே, வெளியீட்டு மின்னெதிர்ப்பு அதிகமுள்ள வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் வைத்துக் கேட்கிறார்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் காதுக்குள் செருகும், ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர்கள் (ஒலி எழுப்பும் பாகங்கள்) உள்ள இயர்போன்களின் கதை வேறு. 5 ஓமுக்கும் 15 ஓமுக்கும் இடையே ஏறி இறங்கும் ஒன்றை 10 ஓம் வெளியீட்டில் மாட்டினால் வித்தியாசம் 5 டெசிபல். பாடகரின் குரல் பின்னால் போய்விடும், அல்லது ஜாலரா காதைக் கிழிக்கும். இயர்போன் மட்டம் என்று முடிவுகட்டி விற்றுவிடுவார்கள். குறை ஜோடியில் இருந்திருக்கும். பிளானர் வகை (தட்டையான சவ்விலேயே மின்கடத்தி பதித்த) ஹெட்ஃபோன்கள் இதற்கு விலக்கு. அவற்றின் மின்னெதிர்ப்பு எல்லாச் சுருதியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதனால் ஆம்ப் எதுவானாலும் தொனி மாறாது. அவற்றுக்கு வேண்டியது மின்னோட்டம்.

ஆம்ப்புக்கு இசையை அனுப்பும் கருவிக்கும் ஆம்ப்புக்கும் இடையிலும் இதே விதிதான், இன்னும் தளர்வாக. டிஜிட்டல் இசையை மின்சைகையாக மாற்றும் டிஏசியின் லைன் வெளியீடு வழக்கமாக 2 வோல்ட், அதன் வெளியீட்டு மின்னெதிர்ப்பு சில நூறு ஓமுக்குள். ஆம்ப்பின் உள்ளீட்டு மின்னெதிர்ப்பு 10,000 ஓமோ அதற்கு மேலோ. அந்த இடைவெளி போதுமானது, பெரும்பாலும் கவலைப்பட ஒன்றும் இருக்காது.

பேச்சில் ஓம்ஸ் என்றே சொல்லிக்கொள்ளலாம், அதை மாற்றச் சொல்லவில்லை. எழுதும்போது ஒரு ஹெட்ஃபோனின் விவரத்தை இப்படித் தமிழில் போட்டால் வாங்குகிறவருக்கு வேண்டியது அவ்வளவும் கிடைத்துவிடும்: மின்னெதிர்ப்பு 300 ஓம் (1 கிலோஹெர்ட்ஸில்), உச்சம் சுமார் 500 ஓம் (100 ஹெர்ட்ஸ் அருகே), உணர்திறன் 97 டெசிபல் (1 மில்லிவாட்டுக்கு). ஆம்ப்பின் பக்கம்: வெளியீட்டு மின்னெதிர்ப்பு 1 ஓம், 300 ஓம் பளுவில் அதிகபட்சம் 4 வோல்ட்.