மனையியல் எடுக்கும்முன் பார்க்க வேண்டியது: சான்றிதழில் என்ன பெயர், கூட என்ன பாடம்

பதினோராம் வகுப்பில் மனையியல் எடுப்பவர்களை அந்தப் பாடம் கைவிடுவதில்லை. உணவும் ஊட்டச்சத்தும், குழந்தை வளர்ச்சி, துணி, வள மேலாண்மை, விரிவாக்கப் பணி (கற்றதை மக்களிடம் கொண்டு சேர்ப்பது) என்று அதில் வருகிற ஒவ்வொன்றுக்கும் பட்டப்படிப்பும் வேலையும் உண்டு. கைவிடுவது, அதோடு சேர்த்து எடுத்த மற்றப் பாடங்கள்தான்.

"மார்க் நல்லா வரும்" என்று சொல்லி வரலாறு, பொருளியலோடு மனையியலைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். பிறகு உணவியல் பட்டப்படிப்புக்குப் போனால் வேதியியலும் உயிரியலும் எங்கே என்று கேட்கும் கல்லூரிகளே அதிகம். மனையியலில் 95 வாங்கியிருந்தாலும் அங்கே பயனில்லை. ஆகவே குரூப் படிவத்தில் கையெழுத்துப் போடும்முன், சேர நினைக்கும் இரண்டு மூன்று கல்லூரிகளின் விளக்கக் குறிப்பேட்டை வாங்கித் தகுதி வரியை மட்டும் படியுங்கள். 'உயிரியல் மற்றும்' என்று இருக்கிறதா, 'உயிரியல் அல்லது மனையியல்' என்று இருக்கிறதா? அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வாய்மொழியாகச் சொல்லும் உறுதியை எந்த அலுவலகமும் ஏற்காது.

அடுத்தது பெயர்க் குழப்பம். சிபிஎஸ்இ-யில் இதன் குறியீடு 064, பெயர் ஹோம் சயின்ஸ். என்சிஇஆர்டி பாடநூலின் அட்டையிலோ 'ஹியூமன் எக்காலஜி அண்ட் ஃபேமிலி சயின்சஸ்'. வேளாண் பல்கலைக்கழகங்களில் அதே துறை இப்போது கம்யூனிட்டி சயின்ஸ். பெயர் மாற்றியவர்களுக்கு இது சீர்திருத்தம். சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்கிற பிள்ளைக்கு அலைச்சல். விண்ணப்பத்தில் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகியிருக்கும் பெயரையே எழுதுங்கள், புத்தகத்தின் பெயரை அல்ல.

பள்ளிக்கு இந்தப் பாடத்தை நடத்த வாரியத்தின் அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். அனுமதி இல்லாத பாடத்தைப் பதிவு செய்ய முடியாது. அது தெரியவரும்போது பாதி ஆண்டு போயிருக்கும். சிபிஎஸ்இ-யில் தேர்ச்சிக்கும் ஒரு கண்ணி உண்டு: எழுத்து 70, செய்முறை 30, இரண்டிலும் தனித்தனியாக 33 சதவீதம் வேண்டும். ரெக்கார்டு நோட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

மத்தியப் பல்கலைக்கழகம் என்றால், அங்கே சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட்டின் படிவத்தில் எந்தெந்தப் பாடத்தை டிக் செய்ய வேண்டும் என்பதை, சேர விரும்பும் படிப்பின் தகுதிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்புங்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் போன்றவை பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடத்திலேயே தேர்வு எழுதச் சொல்கின்றன.

பன்னிரண்டாம் வகுப்பு மனையியலை மட்டும் வைத்து டயட்டீஷியன் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் பட்டியலுக்குள் அந்தத் தொழிலும் வந்துவிட்டது.

தமிழ்நாட்டு அரசுப் பணிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி அறிவிப்பில் ஒரு பட்டத்தின் பெயர் இருந்து, உங்கள் கையில் வேறு பெயரில் பட்டம் இருந்தால், இரண்டும் இணை என்கிற அரசாணை கேட்பார்கள். அது அறிவிப்புத் தேதிக்குள் வந்திருக்க வேண்டும். கல்லூரியில் சேரும் நாளிலேயே அந்த அரசாணை எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.